தேர்தல் பத்திரம்: இரண்டு பட்டியல்களை ஓர் எண் இணைத்த கதை

2024 மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் தன் இணையதளத்தில் இரண்டு பட்டியல்களை வெளியிட்டது. ஒன்று 337 பக்கம், இன்னொன்று 426 பக்கம். முதல் பட்டியலில் தேர்தல் பத்திரம் வாங்கியவரின் பெயர், தேதி, தொகை இருந்தன. இரண்டாவதில் அதைப் பணமாக்கிய கட்சியின் பெயர், தேதி, தொகை இருந்தன. யார் கொடுத்த பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்பது மட்டும் இரண்டிலும் இல்லை. ஒரு வாரம் கழித்து, மார்ச் 21 அன்று, முக்கியமான ஒரு தகவலோடு பட்டியல்கள் மறுபடியும் வந்தன. அது ஒவ்வொரு பத்திரத்தின் எண். சில மணி நேரத்துக்குள் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஓர் அமைப்பின் பின்னால் இருக்கும் பணத்தை எப்படித் தேடுவது என்று கேட்பவர்களுக்கு, இந்திய அரசியலில் இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. செல்வாக்கை மறைக்க விரும்புகிறவர்கள் பெயர்களை மறைக்க வேண்டியதில்லை. பெயர்களை இணைக்கும் கண்ணியை மறைத்தால் போதும்.

முதலில், தேர்தல் பத்திரம் என்றால் என்ன?

2017 பட்ஜெட் உரையில் அன்றைய நிதி அமைச்சர் அருண் ஜெட்லி இந்தத் திட்டத்தை அறிவித்தார். 2018 ஜனவரி 2 அன்று முறைப்படி அறிவிக்கை வந்தது. பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் மட்டுமே பத்திரம் கிடைக்கும். 1,000 ரூபாய், 10,000 ரூபாய், 1 லட்சம், 10 லட்சம், 1 கோடி என்று ஐந்து மதிப்புகள். வாங்கியவர் பெயர் பத்திரத்தில் இருக்காது. அதைக் கட்சியிடம் கொடுத்தால், கட்சி 15 நாளுக்குள் தன் வங்கிக் கணக்கில் செலுத்திப் பணமாக்கிக்கொள்ள வேண்டும். கடந்த மக்களவைத் தேர்தலிலோ சட்டமன்றத் தேர்தலிலோ குறைந்தது 1 சதவீத வாக்கு வாங்கிய, பதிவு பெற்ற கட்சிகளுக்குத்தான் இது பொருந்தும்.

அரசு தரப்பு சொன்ன காரணம் இதுதான்: நன்கொடை ரொக்கமாக வருவதைக் குறைத்து, வங்கி வழியாக வரச் செய்யலாம், பெயர் வெளியே வராவிட்டால், கொடுத்தவரைப் பணம் கிடைக்காத கட்சிகள் பழிவாங்க முடியாது. இந்தக் கவலையில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இதற்காகச் சட்டத்தில் செய்த மாற்றங்கள் அந்தக் கவலையைத் தாண்டி வெகுதூரம் போயின.

சட்டத்தில் எதை மாற்றினார்கள்?

1. ஒரு கம்பெனி தன் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்க முடியாது என்று கம்பெனிகள் சட்டத்தில் வரம்பு இருந்தது. அது நீக்கப்பட்டது. லாபமே இல்லாத கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று ஆனது.

2. எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்று கம்பெனி தன் லாப நஷ்டக் கணக்கில் எழுத வேண்டியிருந்தது. இனி மொத்தத் தொகையை எழுதினால் போதும், கட்சிப் பெயர் வேண்டாம் என்று மாற்றினார்கள்.

3. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பெயரைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். பத்திரம் வழியாக வந்த பணத்துக்கு அதிலிருந்து விலக்கு.

4. இதற்கு முந்தைய ஆண்டே, வெளிநாட்டு முதலீடு உள்ள இந்தியக் கம்பெனிகள் நன்கொடை கொடுக்க வசதியாக வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் வரையறை, பழைய தேதியிட்டுத் திருத்தப்பட்டிருந்தது.

இரண்டையும் மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். கொடுத்தவர் கணக்குப் புத்தகத்தில் தொகை இருக்கும், கட்சியின் பெயர் இருக்காது. கட்சியின் கணக்கில் தொகை இருக்கும், கொடுத்தவர் பெயர் இருக்காது. இரு முனைகளும் சட்டப்படி சுத்தமான ஆவணங்கள். நடுவில் இருக்கும் பாலம் மட்டும் காணாமல் போயிருக்கும். ரிசர்வ் வங்கியும் தேர்தல் ஆணையமும் திட்டம் உருவான காலத்திலேயே எழுத்துபூர்வமாக ஆட்சேபம் தெரிவித்திருந்தன என்பது பின்னால் வெளியே வந்தது.

கண்ணுக்குத் தெரியாத எண்

செருப்புக் காப்பகத்தில் ஒரே எண் போட்ட இரண்டு டோக்கன்களில் ஒன்றைச் செருப்போடு கட்டிவிட்டு இன்னொன்றை நம் கையில் தருவார்கள். இரண்டிலும் இருக்கும் அந்த எண்தான் ஆளையும் செருப்பையும் சேர்க்கிறது. தேர்தல் பத்திரத்தில் அப்படி ஓர் எண் கிடையாது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

2018 ஏப்ரலில் தி க்விண்ட் இணைய இதழின் செய்தியாளர் பூனம் அகர்வால் 1,000 ரூபாய்ப் பத்திரங்களை வாங்கி ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற ஊதா ஒளியில் பார்த்தபோது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு தெரிந்தது. நிதி அமைச்சகம் உடனே விளக்கம் கொடுத்தது: கள்ளப் பத்திரம் வராமல் தடுக்கும் பாதுகாப்பு அம்சம்தான் அது, வாங்குபவரோடோ கட்சியோடோ சேர்த்து அந்த எண்ணை வங்கி எந்தப் பதிவேட்டிலும் குறித்துவைப்பதில்லை, அதை வைத்து நன்கொடையைப் பின்தொடர முடியாது.

ஆறு ஆண்டுகள் கழித்து வங்கி கொடுத்த இரண்டு பட்டியல்களிலும் அந்த எண் இருந்தது. வாங்கியவர் பெயருக்கு நேராகவும் இருந்தது, கட்சியின் பெயருக்கு நேராகவும் இருந்தது. இந்த விவகாரத்தில் மிகக் கனமான உண்மையாக நான் கருதுவது இதைத்தான். வாக்காளருக்கு மறைக்கப்பட்ட தகவல், அரசுக்குச் சொந்தமான ஒரு வங்கியின் பதிவேட்டில் முழுமையாகக் கிடந்திருக்கிறது. நீதிமன்றம் கேட்டாலோ, விசாரணை அமைப்பு ஒரு குற்ற வழக்குப் பதிவு செய்தாலோ அந்தத் தகவலைத் தரலாம் என்று திட்டத்தின் 7(4) பிரிவே சொன்னது. அதாவது, அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அதை எட்டிப் பார்க்க வழி இருந்தது. வாக்களிப்பவர்களுக்கு இல்லை.

உச்ச நீதிமன்றம், அப்புறம் வங்கியின் அவகாசம்

ஜனநாயக சீர்திருத்தங்களுக்கான சங்கம், காமன் காஸ் ஆகிய தன்னார்வ அமைப்புகள், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி முதலானவர்கள் தொடுத்த வழக்கில், 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்தது. கட்சிகளுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது, அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவின் கீழ் வாக்காளருக்குள்ள தகவல் உரிமையைச் சேர்ந்தது என்றது தீர்ப்பு. கம்பெனிகளுக்கான வரம்பை நீக்கியதும் செல்லாது என்றது. 2019 ஏப்ரல் 12 முதல் விற்ற பத்திரங்களின் விவரத்தைப் பாரத ஸ்டேட் வங்கி மார்ச் 6க்குள் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. மக்களவைத் தேர்தல் அதற்குள் முடிந்துவிட்டிருக்கும். வாங்கியவர் விவரமும் கட்சி விவரமும் தனித்தனியாக வைக்கப்பட்டுள்ளன, 22,217 பத்திரங்களுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 44,434 தகவல் தொகுப்புகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது வங்கியின் வாதம். பொருத்தித் தரச் சொல்லவே இல்லை, இருப்பதைக் கொடுங்கள் என்று மார்ச் 11 அன்று நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதன் பிறகும் எண் இல்லாத பட்டியல்தான் முதலில் வந்தது. மார்ச் 18 அன்று எண்கள் உட்பட எதையும் விடாமல் வெளியிடச் சொல்லி நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் ஆகும் என்று சொன்ன வேலையை, எண் கைக்கு வந்ததும் செய்தியாளர்களும் நிரல் எழுதத் தெரிந்தவர்களும் சில மணி நேரத்தில் முடித்தார்கள்.

பொருத்திப் பார்ப்பது எப்படி நடக்கிறது?

எண் கிடைத்தாலும் வேலை பொத்தானை அழுத்தியதும் முடிவதில்லை. பணத்தைத் தேடும் எந்த ஆய்வுக்கும் இந்தப் படிகள் பொருந்தும்.

1. அடையாளத்தை முழுதாக எடுக்க வேண்டும். பத்திரத்தின் மதிப்பைச் சொல்லும் முன்னெழுத்து பட்டியலின் ஒரு நெடுவரிசையில் இருந்தது, எண் வேறு நெடுவரிசையில் இருந்தது. ஒரு கோடிக்கு ‘ஓசி’, பத்து லட்சத்துக்கு ‘டிஎல்’ என்று. இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு பத்திரத்தின் அடையாளம்.

2. பெயர்களைச் சீராக்க வேண்டும். ஒரே கம்பெனி பட்டியலில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது. ஃபியூச்சர் கேமிங் கம்பெனியின் பெயர் சில இடங்களில் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. இரண்டையும் கூட்டாவிட்டால் அதன் மொத்தம் 1,368 கோடி என்பது தெரிந்திருக்காது.

3. கம்பெனிகளைக் குழுமமாகத் தொகுக்க வேண்டும். இங்கேதான் உழைப்பு அதிகம், பலனும் அதிகம். மேகா இன்ஜினியரிங் வாங்கியது 966 கோடி. அதே குழுமத்தைச் சேர்ந்த வெஸ்டர்ன் உ.பி. பவர் டிரான்ஸ்மிஷன் 220 கோடி. கெவென்டர் ஃபுட்பார்க், எம்.கே.ஜே. என்டர்பிரைசஸ், மதன்லால் லிமிடெட் ஆகிய மூன்றும் ஒவ்வொன்றும் 180 கோடிக்கு மேல் வாங்கியிருந்தன. பட்டியலில் தனித்தனிப் பெயர்கள்தான். பதிவு அலுவலக முகவரியைப் பார்த்தால் மூன்றுக்கும் கொல்கத்தாவில் ஒரே இடம். இயக்குநர்கள், முகவரி, ஆண்டுக் கணக்கு எல்லாம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் உண்டு. சிறிய கட்டணம் கட்டினால் யாரும் ஆவணங்களைப் பார்க்கலாம்.

4. கொடுத்தவருக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். க்விக் சப்ளை செயின் என்ற, அதிகம் பேர் கேள்விப்படாத கம்பெனி மொத்தம் 410 கோடிக்குப் பத்திரம் வாங்கியது. அதில் 360 கோடி 2021–22ல் வாங்கியது. அந்த ஆண்டில் அதன் நிகர லாபம் ஏறத்தாழ 22 கோடி. அதன் முகவரி நவி மும்பையில் உள்ள திருபாய் அம்பானி நாலெட்ஜ் சிட்டி. தங்கள் குழுமத்தின் துணை நிறுவனம் அல்ல என்று ரிலையன்ஸ் மறுத்தது. இரண்டு தகவலையும் சேர்த்தே வாசகர் முன் வைக்க வேண்டும். நஷ்டத்தில் ஓடிய 33 கம்பெனிகள் மொத்தம் சுமார் 582 கோடி கொடுத்திருப்பதாக தி இந்து நாளிதழ் கணக்கிட்டது. பழைய 7.5 சதவீத வரம்பு எதற்காக இருந்தது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. வெளியே இருந்து வரும் பணத்தைக் கடத்திவிட வெற்றுக் கம்பெனிகள் பயன்பட்டுவிடக் கூடாது என்பதுதான் அந்த வரம்பின் வேலை.

5. எது பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளியான பட்டியலில் வாங்கிய பத்திரங்கள் 18,871, பணமாக்கியவை 20,421. வாங்கியதைவிடப் பணமாக்கியது எப்படி அதிகம் ஆகும்? 2019 ஏப்ரல் 12க்கு முன்பு வாங்கி, பிறகு பணமாக்கியவை அதில் இருக்கின்றன. அவற்றைக் கொடுத்தவர்கள் யார் என்று இந்தப் பட்டியலில் பார்க்க முடியாது. 2018 மார்ச்சில் விற்பனை தொடங்கியதிலிருந்து விற்ற மொத்தப் பத்திரங்களின் மதிப்பு 16,518 கோடி. அதில் நான்காயிரம் கோடிக்கு மேல் இன்னமும் இருட்டில்தான் இருக்கிறது.

தெரியவந்தது என்ன?

வெளியான காலகட்டத்தில் பா.ஜ.க. பணமாக்கியது சுமார் 6,060 கோடி, மொத்தத்தில் ஏறத்தாழப் பாதி. திரிணாமுல் காங்கிரஸ் 1,609 கோடி, காங்கிரஸ் 1,421 கோடி, தெலங்கானாவின் பி.ஆர்.எஸ். 1,214 கோடி, பிஜு ஜனதா தளம் 775 கோடி, தி.மு.க. 639 கோடி. வரிசையைக் கவனியுங்கள். ஒன்றிய ஆட்சியில் இருந்த கட்சிக்கு முதலிடம். ஒரு மாநிலத்தை மட்டும் ஆண்ட கட்சிகள் பெரிய தேசியக் கட்சியான காங்கிரஸுக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. கொள்கைப் பிடிப்பால் மட்டும் வந்த பணம் இப்படி ஆட்சி இருக்கும் இடமாகப் பார்த்துக் குவியாது.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. நாட்டிலேயே அதிகம் பத்திரம் வாங்கிய ஃபியூச்சர் கேமிங், கோவையைச் சேர்ந்த சாண்டியாகோ மார்ட்டினின் லாட்டரி நிறுவனம். அதன் பணத்தில் பெரும்பங்கு போனது இரண்டு கட்சிகளுக்கு: திரிணாமுலுக்கு 542 கோடி, தி.மு.க.வுக்குச் சுமார் 500 கோடி. ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸும் பா.ஜ.க.வும்கூட நூறு கோடியும் அதற்கு மேலும் பெற்றன. மேற்கு வங்கத்தில் லாட்டரி சட்டப்படி நடக்கிறது. தமிழ்நாட்டிலோ 2003லிருந்து லாட்டரிக்குத் தடை. அப்படியிருந்தும் இவ்வளவு தொகை ஏன் என்பது தமிழ்நாட்டு வாக்காளர் கேட்க வேண்டிய கேள்வி. அதே சமயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எண் வெளியாவதற்கு முன்பே, யார் கொடுத்தார்கள் என்று தேர்தல் ஆணையத்திடம் பெயரோடு சொன்ன சில கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று. திட்டம் தொடங்கியதிலிருந்து பெற்ற 656.5 கோடியில் 509 கோடி ஃபியூச்சர் கேமிங் கொடுத்தது என்று அது தானே எழுதிக் கொடுத்திருந்தது. அ.தி.மு.க.வும் தன் 6.05 கோடிக்குக் கணக்குச் சொன்னது, பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் கொடுத்தது. கொடுத்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது என்று வேறு பல கட்சிகள் சொன்னதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தொடர்பு வேறு, நிரூபணம் வேறு

இந்த மாதிரி ஆய்வுகளைப் படிப்பவர்களும் எழுதுபவர்களும் அடிக்கடி சறுக்கும் இடம் இது. ஓர் உதாரணம். டெல்லி மதுக் கொள்கை வழக்கில் அரபிந்தோ பார்மாவின் இயக்குநர் ஒருவரை அமலாக்கத் துறை 2022 நவம்பர் 10 அன்று கைது செய்தது. நவம்பர் 15 அன்று அந்தக் கம்பெனி 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது. அது பா.ஜ.க.வுக்குப் போனது. அடுத்த ஆண்டு அவர் அப்ரூவர், அதாவது அரசுத் தரப்பு சாட்சி, ஆனார். 2023 நவம்பரில் மேலும் 25 கோடி அதே கட்சிக்குப் போனது. கைதுக்கு முன்னால் அந்தக் கம்பெனி பி.ஆர்.எஸ்., தெலுங்கு தேசம் கட்சிகளுக்கும் கொடுத்திருந்தது.

இதைப் படித்ததும் மனதில் ஒரு முடிவு வந்துவிடும். ஆனால் தேதிகள் நிரூபிப்பது தேதிகளை மட்டும்தான். ஆதாரத்தைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்:

1. இவர் இவருக்குப் பணம் கொடுத்தார். ஆவணத்தில் இருக்கிறது, சந்தேகம் இல்லை.

2. கொடுத்தவருக்கு அந்த நேரத்தில் அரசிடம் ஒரு வழக்கோ ஒப்பந்தமோ நிலுவையில் இருந்தது. இதையும் ஆவணத்தைக் கொண்டு சொல்லலாம்.

3. பணத்துக்குப் பிறகு அவருக்குச் சாதகமான முடிவு வந்தது. இங்கே கவனம் வேண்டும். பணம் கொடுத்தும் சாதகம் கிடைக்காதவர்கள், கொடுக்காமலே ஒப்பந்தம் பெற்றவர்கள் என்று மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

4. பணத்துக்காகத்தான் அந்த முடிவு எடுக்கப்பட்டது. இதற்குக் கோப்புக் குறிப்பு, டெண்டர் ஆவணம், சாட்சியம் வேண்டும். பத்திரப் பட்டியலில் இது ஒருபோதும் கிடைக்காது.

நான்காவது படிக்குப் போக, நீதிமன்றக் கண்காணிப்பில் சிறப்புப் புலனாய்வுக் குழு வேண்டும் என்று கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்ட் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தனித்தனிப் புகார்களுக்குச் சட்டத்தில் உள்ள வழக்கமான வழிகளை நாடலாம் என்றது. அந்த வழக்கமான வழிகளில் இருக்கும் விசாரணை அமைப்புகள் சிலவற்றின் மீதே கேள்வி எழுந்திருக்கும்போது, இந்தப் பதில் எனக்குப் போதுமானதாகப் படவில்லை.

கட்சி அல்லாத அமைப்புகளுக்கு

தொண்டு நிறுவனம், ஆய்வு மையம், கல்வி அறக்கட்டளை எதுவானாலும் முதலில் அதன் சட்ட வடிவத்தைப் பார்க்க வேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவானது என்றால் கணக்கு அமைச்சக இணையதளத்தில் கிடைக்கும். சங்கம் என்றால் பதிவாளர் அலுவலகக் கோப்பு, அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணம். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியான 2 சதவீதம் எந்த அமைப்புகளுக்குப் போகிறது என்பதைக் கொடுத்த கம்பெனியின் ஆண்டறிக்கையில் தேடலாம். வாங்கியவர் சொல்லாததைக் கொடுத்தவரின் கணக்கு சொல்லிவிடுவது உண்டு. வெளிநாட்டு நன்கொடை விவரங்கள் முன்பு உள்துறை அமைச்சகத் தளத்தில் விரிவாக இருந்தன. 2022 ஜூலையில் தொண்டு நிறுவனங்களின் ஆண்டு அறிக்கைகள் உட்படச் சில தகவல்கள் அங்கிருந்து நீக்கப்பட்டுவிட்டன.

இப்போது பணம் எந்த வழியில் போகிறது?

பத்திரம் போன பிறகு பெரிய கம்பெனிகளின் கவனம் தேர்தல் அறக்கட்டளைகள் பக்கம் திரும்பியிருக்கிறது. 2013ல் வந்த திட்டம் இது. கம்பெனிகள் அறக்கட்டளைக்குக் கொடுக்கும், அறக்கட்டளை அந்த ஆண்டு வந்த பணத்தில் குறைந்தது 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். யார் கொடுத்தார்கள், எந்தக் கட்சிக்குப் போனது என்று ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்துக்கு அறிக்கை தர வேண்டும். பத்திரத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல், பெயர்கள் வெளிப்படையாக இருக்கின்றன.

ஆனால் நடுவில் பணம் ஒரே கணக்கில் கலந்துவிடுகிறது. பத்துக் கம்பெனிகள் கொடுத்து நான்கு கட்சிகள் வாங்கினால், எந்தக் கம்பெனியின் பணம் எந்தக் கட்சிக்கு என்று அறிக்கை சொல்லாது. மறுபடியும் அதே இரண்டு பட்டியல்கள்தான். இந்த முறை எண்ணும் இல்லை. ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2024ல் புரூடென்ட் தேர்தல் அறக்கட்டளையின் அறிக்கைகளை எடுத்து, பணம் வந்த தேதியையும் காசோலை போன தேதியையும் ஒப்பிட்டது. எட்டுப் பெரிய குழுமங்கள் கொடுத்த தொகை, அப்படியே அதே அளவில், சில நாட்களில் ஒரு கட்சிக்குப் போன 18 சம்பவங்களை அது கண்டெடுத்தது. தேதியும் தொகையும் அங்கே எண்ணின் வேலையைச் செய்தன. தொகைகளைப் பிரித்தோ கலந்தோ அனுப்பினால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இதைச் சரிசெய்யப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. கட்சிக்குப் போகும் ஒவ்வொரு காசோலைக்கும் நேராக, அது எந்த நன்கொடையாளரின் பணம் என்று எழுத ஒரு நெடுவரிசையை அந்த அறிக்கைப் படிவத்தில் சேர்த்தால் போதும்.